நிலத்தின் அடுக்குகளைப் படித்தவர்

சிலாங்கூர் மாநிலத்தில் பத்து ஆராங் என்றோர் ஊர் உண்டு. மலாய்மொழியில் பத்து ஆராங் என்றாலே நிலக்கரி என்றுதான் பொருள். 1915ஆம் ஆண்டு முதல் 1960ஆம் ஆண்டு வரை அவ்வூரில் நிலக்கரி வெட்டி எடுக்கப்பட்டது. அன்றைய மலாயாவின் இரயில் வண்டிகளும் மின்நிலையங்களும் அந்தக் கரியால் இயங்கின. ஆனால், நிலக்கரி வேண்டும் என்பதற்காகச் சிலாங்கூரில் நினைத்த இடத்திலெல்லாம் நாம் குழி தோண்ட முடியாது. ஓர் ஊரின் அடியில் நிலக்கரி இருக்கிறது. அடுத்த ஊரில் இல்லை. ஓரிடத்துக் கரி நின்று எரிந்து மிகுந்த வெப்பம் தருகிறது. மற்றோர் இடத்துக் கரி புகையையும் சாம்பலையும் மிகுதியாகத் தருகிறது. இந்த வேறுபாடு ஏன்?

விடை, அந்தந்த வட்டாரத்தின் பாறைகளில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தைப் படிக்க உலகுக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர், பல்கலைக்கழகத்தில் பயிலாத ஒரு கொல்லரின் மகன். அவர் பெயர் வில்லியம் ஸ்மித்.

எடைக்கல்லும் கோலிக்குண்டும்

வில்லியம் ஸ்மித் 1769ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயர் மாவட்டத்தில், சர்ச்சில் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது தந்தை இறந்துவிட்டார். அதன்பின் தந்தையின் சகோதரரான ஓர் உழவரின் பொறுப்பில் வளர்ந்தார். ஊர்ப் பள்ளியில் கற்றது மட்டுமே அவர் பெற்ற முறையான கல்வி.

சர்ச்சில் வட்டார வயல்களில் உழும்போது விந்தையான கற்கள் கிடைப்பதுண்டு. சில கற்கள் உருண்டை வடிவில், மேற்புறத்தில் விண்மீன் போன்ற கோடுகளுடன் இருந்தன. பால்பண்ணைகளில் வெண்ணெய் நிறுக்க அவற்றை எடைக்கல்லாகப் பயன்படுத்தினார்கள். சிறிய சிப்பி போன்ற வேறு சில கற்களைச் சிறுவர்கள் கோலிக்குண்டாக வைத்து விளையாடினார்கள். வில்லியமும் விளையாடினார். ஆனால், விளையாடி முடித்த பிறகும் அவற்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவை உண்மையில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த உயிரினங்களின் புதைபடிவங்கள். கடலைப் பார்க்காத ஓர் ஊரின் வயலில் கடல் உயிரினங்களின் உருவங்கள் கிடந்தன. இந்தக் கற்களைச் சேர்ப்பதில் பையன் நேரத்தை வீணாக்குகிறான் என்று வளர்த்தவருக்கு வருத்தம். இருந்தும், வில்லியம் சேர்ப்பதை விடவில்லை. நூல்களை வாங்கி வடிவியலையும் தாமாகவே கற்றுக்கொண்டார்.

1787ஆம் ஆண்டு, எட்வர்ட் வெப் என்னும் நில அளவையாளர் சர்ச்சில் கிராமத்து நிலங்களை அளக்க வந்தார். 18 வயது இளைஞரான வில்லியமின் ஆர்வத்தைக் கண்டு, அவரைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். வில்லியம் விரைவில் தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். நிலத்தின் மேற்பரப்பை அளக்கும் தொழில்தான் பின்னாளில் அவரை நிலத்தின் அடிப்பகுதிக்கு அழைத்துச் சென்றது.

சுரங்கத்துக்குள் எழுந்த கேள்வி

1791ஆம் ஆண்டு, ஒரு பண்ணையை அளக்கும் வேலைக்காக வில்லியம் ஸ்மித் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள சாமர்செட் மாவட்டத்திற்குச் சென்றார். அக்காலத்தில் இங்கிலாந்து நிலக்கரியை நம்பி வாழத் தொடங்கியிருந்தது. நீராவி இயந்திரங்களுக்கும் இரும்பு உலைகளுக்கும் வீட்டு அடுப்புகளுக்கும் கரி தேவைப்பட்டது. சாமர்செட்டில் பல சுரங்கங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று, ஹை லிட்டில்டன் என்னும் ஊரில் இருந்த மேர்ன்ஸ் சுரங்கம். அதை ஆராய்ந்து அளக்கும் பணி அவருக்குக் கிடைத்தது.

ஆழமான குழிக்குள் இறங்கிச் செல்லும்போது, சுவரில் பாறைகள் அடுக்கடுக்காக இருப்பதை அவர் கண்டார். மணற்பாறை, களிப்பாறை, நிலக்கரி என்று அவை மாறி மாறி வந்தன. சுரங்கத் தொழிலாளர்கள் ஒவ்வொரு கரிப் படலத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எதன் கீழ் எது வரும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு குழியில் காணும் அதே வரிசையே அடுத்த குழியிலும் இருந்தது.

இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. கரிப் படலங்கள் சரிவாகச் சாய்ந்து கிடந்தன. அவற்றுக்கு மேலே இருந்த செந்நிறக் களிமண் பாறையோ ஏறக்குறைய சமமாகப் படுத்திருந்தது. சாய்ந்த அடுக்குகளை யாரோ மேலே சீவிவிட்டு, அதன்மேல் செந்நிறப் பாயொன்றை விரித்ததுபோல் அது தோன்றியது.

கரி அடுக்குகளுக்கு ஒரு வரிசை இருப்பதுபோல், அந்தச் செம்மண் பாறைக்கு மேலே உள்ள பாறைகளுக்கும் வரிசை உண்டா என்று அவர் தொழிலாளர்களிடம் கேட்டார். அதற்கு மேலே எந்த ஒழுங்கும் இல்லை என்று அவர்கள் கூறினார்கள். அவர்கள் பட்டறிவு மிக்கவர்கள்; ஸ்மித் அவர்களை மதித்தார். ஆயினும், அந்த விடையை அப்படியே ஏற்க அவருக்கு மனம் வரவில்லை. கீழே ஒழுங்கு இருக்கும்போது மேலே மட்டும் ஏன் இருக்காது? இக்கேள்வியே அவருடைய வாழ்நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

அவர் கண்டதன் பொருள்

ஸ்மித் கண்ட காட்சியின் முழுக் காரணத்தையும் பின்வந்த அறிவியலாளர்கள் படிப்படியாக விளக்கினார்கள். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய இங்கிலாந்து இருக்கும் நிலப்பகுதி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தது. அங்கே வெப்பமும் ஈரமும் மிகுந்த சதுப்புக் காடுகள் பரந்திருந்தன. இன்று சரவாக் மாநிலத்தில் காணப்படும் கரிமண் சதுப்புக் காடுகளை நாம் ஓரளவு ஒப்புநோக்கலாம். மரங்களும் செடிகளும் மடிந்து நீரில் விழுந்தன. நீருக்கடியில் உயிர்வளி குறைவு. ஆகையால், அவை முழுமையாக மட்கிப் போகாமல் தடித்த கரிமண்ணாகக் குவிந்தன. நிலம் மெல்லத் தாழ்ந்தபோது, ஆறுகள் கொண்டுவந்த மணலும் சேறும் அதன்மேல் படிந்தன. அதன்மேல் மீண்டும் காடு வளர்ந்தது. மீண்டும் நிலம் தாழ்ந்தது. இப்படிப் பலமுறை நிகழ்ந்ததால்தான் கரியும் மணற்பாறையும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்காயின.

கரிமண் எவ்வளவு ஆழத்தில் புதைகிறதோ, அவ்வளவு வெப்பமும் அழுத்தமும் அதன்மேல் செயல்படும். அதற்கேற்ப அதிலுள்ள நீர் வெளியேறும். கார்பனின் பங்கு கூடும். முதலில் அது பழுப்பு நிலக்கரியாகும். பிறகு கறுத்து, இடைத்தரக் கரியாகும். மேலும் வெப்பமேறினால் பிட்டுமினஸ் எனப்படும் கருநிலக்கரியாகும். இறுதியில் பளபளப்பும் கடினமும் கொண்ட அந்திரசைட் ஆகும். அந்திரசைட் புகை குறைவாகவும் வெப்பம் மிகுதியாகவும் எரியும். சாமர்செட்டுக்கு அருகில் உள்ள தெற்கு வேல்ஸ் நிலக்கரி வயலில் இதைத் தெளிவாகக் காணலாம். அதன் கிழக்குப் பகுதியில் கிடைப்பது பிட்டுமினஸ் கரி. வடமேற்குப் பகுதியில் கிடைப்பதோ அந்திரசைட். ஒரே காலத்தில் வளர்ந்த காடுகள்தாம். ஆனால், புதைந்த பிறகு ஒவ்வொரு பகுதியும் பட்ட பாடு வேறு.

தரத்தை முடிவு செய்வது வெப்பம் மட்டுமன்று. சதுப்பு நிலத்துக்குள் கடல்நீர் புகுந்திருந்தால், அந்தக் கரியில் கந்தகம் மிகும். எரிக்கும்போது அது தீய வாயுவாக வெளிவரும். ஆற்றுச்சேறு மிகுதியாகக் கலந்திருந்தால் சாம்பல் மிகும். ஆக, ஒரு பிடி நிலக்கரியில் அது பிறந்த சதுப்பு, அருகில் ஓடிய ஆறு, எட்டிப் பார்த்த கடல் ஆகிய அனைத்தின் அடையாளமும் இருக்கிறது.

சாமர்செட்டுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. கரி உருவான பிறகு, தெற்கிலிருந்து வந்த மாபெரும் அழுத்தத்தால் அவ்வட்டாரப் பாறைகள் மடிந்தன; பல இடங்களில் உடைந்தன. மென்டிப் குன்றுகளுக்கு அருகில் கரிப் படலங்கள் செங்குத்தாக நிற்கின்றன. சில இடங்களில் தலைகீழாகவும் புரண்டுள்ளன. பின்னர் மழையும் ஆறும் மேற்பகுதியை அரித்துத் தள்ளின. பல கோடி ஆண்டுகள் கழித்து அதன்மேல் செந்நிறக் களிமண் சமமாகப் படிந்தது. ஸ்மித் மேர்ன்ஸ் சுரங்கத்தில் கண்ட சாய்ந்த அடுக்கும் சமமான அடுக்கும் சேரும் இடம், அந்த நீண்ட இடைவெளியின் தழும்பே ஆகும்.

பாறைகள் மடிந்ததன் விளைவை மனிதர்கள் சுமந்தார்கள். சாமர்செட்டின் கரிப் படலங்கள் மெல்லியவை, சரிந்தவை, அடிக்கடி அறுபட்டவை. தொழிலாளர்கள் படுத்துக்கொண்டும் மண்டியிட்டும் கரி வெட்டினார்கள். குதிரையோ வண்டியோ நுழைய முடியாத இடுக்குகளில், சிறுவர்கள் இடுப்பில் கயிறு கட்டிக் கரிப்பெட்டிகளை இழுத்துச் சென்ற வழக்கம் அங்கே நெடுங்காலம் நீடித்தது.

கால்வாய் திறந்து காட்டிய பக்கங்கள்

சாமர்செட்டின் கரியைச் சந்தைக்குக் கொண்டுசெல்வது பெரும்பாடாக இருந்தது. கரடுமுரடான சாலைகளில் குதிரைகள் சுமந்து சென்றதால் செலவு கூடியது. எனவே, சுரங்க உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கால்வாய் வெட்ட முடிவு செய்தார்கள். 1793ஆம் ஆண்டு அதன் பாதையை அளக்கும் பொறுப்பு ஸ்மித்திடம் வந்தது. மறு ஆண்டு, பிற வட்டாரங்களின் கால்வாய்களையும் சுரங்கங்களையும் கண்டறிய அவர் இருவருடன் வட இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ 900 மைல் தொலைவு நீண்ட அந்தப் பயணத்தில், வண்டியின் சன்னல் வழியே தெரிந்த ஒவ்வொரு குன்றின் வடிவத்தையும் மண்ணின் நிறத்தையும் அவர் உற்றுநோக்கினார். சாமர்செட்டில் கண்ட அதே அடுக்குகள் நாட்டின் குறுக்கே தொடர்ந்து செல்வதாக அவருக்குத் தோன்றியது.

1795ஆம் ஆண்டு கால்வாய் வெட்டத் தொடங்கியதும் அவருடைய எண்ணத்தைச் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தது. மைல் கணக்கில் நிலம் பிளக்கப்பட்டது. செம்மண் பாறைக்கு மேலே இருந்த அடுக்குகள் அனைத்தும் வெளிச்சத்துக்கு வந்தன. அவை கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகளைச் சாய்த்து அடுக்கியதுபோல் அவை இருப்பதாக ஸ்மித் விளக்குவார். தொழிலாளர்கள் இல்லை என்று சொன்ன ஒழுங்கு அங்கே இருந்தது.

ஆனால், ஒரு சிக்கல் எஞ்சியது. பல அடுக்குகள் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தன. சாம்பல்நிறக் களி ஒரு மட்டத்தில் வந்தது; இன்னும் மேலே வேறொரு மட்டத்திலும் வந்தது. ஓரிடத்தில் ஒரு களியை மட்டும் கண்டால், அது எந்த அடுக்கு என்று எப்படி அறிவது? அதற்கான விடை, சிறுவயதில் அவர் விளையாடிய கற்களில் இருந்தது. ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய புதைபடிவங்கள் இருப்பதை அவர் கண்டார். கீழ்க்களியில் உள்ள சிப்பி மேல்களியில் இல்லை. நிறம் ஏமாற்றலாம், புதைபடிவம் ஏமாற்றாது. 1796ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே இக்கருத்தை அவர் எழுதி வைத்துக்கொண்டார். பாறை அடுக்குகளைப் புதைபடிவங்களைக் கொண்டு அடையாளம் காணும் இந்த முறையை உலகெங்கும் உள்ள நிலவியலாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

இல்லாத கரியைத் தேடியவர்கள்

இந்த அறிவால் என்ன பயன் என்று அன்று கேட்டவர்கள் உண்டு. பயனை அறிய, நிலக்கரி ஆசையால் பொருளை இழந்தவர்களைப் பார்த்தால் போதும்.

தென் இங்கிலாந்தின் பல இடங்களில் கறுத்த களிப்பாறைகள் உள்ளன. அவை நிலக்கரியோடு சேர்ந்து வரும் களிப்பாறையைப் போலவே தோன்றும். சிலவற்றில் எண்ணெய்ப்பசை இருப்பதால் தீயிலிட்டால் சற்றே எரியவும் செய்யும். இதைக் கண்ட நிலவுடைமையாளர்கள், தங்கள் நிலத்தின் அடியில் கரி இருப்பதாக நம்பினார்கள். பெரும்பணம் செலவிட்டு ஆழமான குழிகளைத் தோண்டினார்கள். மாதக்கணக்கில் தோண்டியும் களியும் தண்ணீரும்தான் கிடைத்தன. கடன் வாங்கித் தோண்டியவர்கள் அதோடு நொடித்துப் போனார்கள்.

குழியிலிருந்து அள்ளிக் கொட்டிய மண்ணில் கிடக்கும் சிப்பிகளைப் பார்த்தே ஸ்மித்தால் உண்மையைக் கூற முடிந்தது. அந்தக் கறுத்த களி, நிலக்கரி அடுக்குக்கு மிக மேலே உள்ள ஓர் அடுக்கு. இடையில் இன்னும் பல அடுக்குகள் இருக்க வேண்டும். அவற்றைக் கடந்து கரியை அடைவது நடவாத செயல். சுரங்கம் தோண்ட விரும்புகிறவரிடம் கரி இல்லை என்று சொல்வது எளிதன்று. நல்ல செய்தி சொல்பவருக்குத்தான் மேலும் வேலை கிடைக்கும். ஆயினும், ஸ்மித் தாம் கண்டதையே கூறினார்.

அவருடைய அறிவு மறுபக்கமும் வழி காட்டியது. மேலே கறுப்பின் சுவடே இல்லாத செம்மண் நிலத்தின் அடியில்கூட, அடுக்கின் வரிசைப்படி பார்த்தால் கரி இருக்க வாய்ப்புண்டு. கறுத்த நிலத்தில் கரி இல்லை. சிவந்த நிலத்தின் அடியில் கரி இருக்கலாம். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்பியவர்கள் தோற்றதற்கும், வரிசையை அறிந்தவர் வென்றதற்கும் காரணம் இதுவே.

23 அடுக்குகள், ஒரு வரைபடம்

1799ஆம் ஆண்டு ஸ்மித் கால்வாய் வேலையை இழந்தார். அதே ஆண்டில், பாத் நகரத்தில் இரண்டு பாதிரியார் நண்பர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். ஒருவர் ஜோசப் டவுன்செண்டு. மற்றவர் பெஞ்சமின் ரிச்சர்ட்சன். டவுன்செண்டின் வீட்டில் ஒருநாள் ஸ்மித் சொல்லச் சொல்ல, ரிச்சர்ட்சன் எழுதினார். மேலே சுண்ணாம்புப் பாறையில் தொடங்கி, கீழே நிலக்கரியில் முடியும் 23 அடுக்குகளின் பட்டியல் உருவானது. ஒவ்வொன்றிலும் காணப்படும் புதைபடிவங்களும் அதில் குறிக்கப்பட்டன.

அந்தப் பட்டியலின் படிகள் கை மாறிக் கை மாறிப் பல ஊர்களுக்கும் சென்றன. ஸ்மித் எதையும் மறைக்கவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினார். ஆனால், அது அச்சில் வராததால், அவருடைய பெயரைக் குறிப்பிடாமலேயே பலர் அவருடைய கருத்துகளைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஸ்மித்தின் கனவு அதைவிடப் பெரியது. நாடு முழுவதிலும் எந்த அடுக்கு எங்கே நிலத்தின்மேல் தலைகாட்டுகிறது என்று ஒரே வரைபடத்தில் காட்ட விரும்பினார். அதற்கு அரசு உதவி இல்லை, குழுவும் இல்லை. சதுப்பு நிலங்களின் நீரை வடிப்பது, கடலரிப்பைத் தடுப்பது, சுரங்கங்களுக்கு அறிவுரை கூறுவது எனக் கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே நாடெங்கும் பயணம் செய்தார். கிடைத்த ஊதியத்தையும் பயணத்திலேயே செலவிட்டார்.

1815ஆம் ஆண்டு அந்த வரைபடம் ஜான் கேரி என்பவரால் வெளியிடப்பட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றையும் ஸ்காட்லாந்தின் ஒரு பகுதியையும் அது காட்டியது. 15 தாள்களை ஒன்றுசேர்த்தால் எட்டடிக்கும் மேல் உயரமுள்ள படமாகும். ஒவ்வொரு படியும் கையாலேயே வண்ணம் தீட்டப்பட்டது. ஒவ்வோர் அடுக்கின் கீழ்விளிம்பும் அழுத்தமான நிறத்திலும், மற்ற பகுதி வெளிர்நிறத்திலும் இருந்தன. அதனால், எது எதன்மேல் கிடக்கிறது என்பதைப் பார்த்தவுடன் புரிந்துகொள்ள முடிந்தது. ஒரு நாடு முழுமைக்கும் இவ்வளவு விரிவான நிலவியல் வரைபடத்தை அதற்கு முன் எவரும் தனியாக உருவாக்கியதில்லை.

கடன் சிறை

வரைபடம் வெளிவந்தது, வறுமை தீரவில்லை. 1807ஆம் ஆண்டு இலண்டனில் நிலவியல் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் செல்வர்கள். கொல்லரின் மகனும் கூலிக்கு நிலம் அளப்பவருமான ஸ்மித்தை அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. மாறாக, கழகத்தின் தலைவர் ஜார்ஜ் கிரீனோ மற்றொரு வரைபடத்தைத் தயாரித்தார். 1820ஆம் ஆண்டில் வெளிவந்த அது, ஸ்மித்தின் படத்தைப் பெரிதும் பயன்படுத்தியிருந்தது. விலையும் அதைவிடக் குறைவு. அப்படி ஒன்று வரப்போகிறது என்ற பேச்சே ஸ்மித்தின் படத்தின் விற்பனையைக் கெடுத்தது.

வேறு துன்பங்களும் சேர்ந்துகொண்டன. பாத் நகருக்கருகில் கடன் வாங்கித் தொடங்கிய கற்சுரங்கத் தொழில் நட்டத்தில் முடிந்தது. அவருடைய மனைவி மேரி ஆன் மனநோயால் வருந்தினார். பல ஆண்டுகளாகச் சேர்த்த புதைபடிவங்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு 700 பவுனுக்கு விற்றார். அதுவும் கடனை அடைக்கப் போதவில்லை.

1819ஆம் ஆண்டு ஜூன் மாதம், கடனைத் திருப்பித் தர இயலாத குற்றத்துக்காக ஸ்மித் இலண்டன் சிறையில் அடைக்கப்பட்டார். ஏறத்தாழ 11 வாரங்கள் கழித்து, ஆகஸ்டு இறுதியில் விடுதலையாகி வீடு திரும்பினார். வீடும் உடைமைகளும் பறிமுதல் செய்யப்பட்டிருந்தன. நாட்டின் அடியில் எங்கே செல்வம் புதைந்திருக்கிறது என்று ஊருக்கெல்லாம் காட்டியவருக்குத் தங்க ஓரிடம் இல்லை. அவருக்கு அப்போது வயது 50.

ஸ்மித் மனைவியையும், தாம் வளர்த்துவந்த சகோதரி மகன் ஜான் பிலிப்ஸையும் அழைத்துக்கொண்டு இலண்டனை விட்டு வடக்கே சென்றார். அங்கும் அவர் செய்தது ஒன்றுதான்: நிலத்தை அளந்தார், பாறைகளைப் பார்த்தார், குறிப்பெழுதினார்.

காலம் தந்த விடை

யார்க்ஷயர் மக்கள் ஸ்மித்தை மதித்து வரவேற்றார்கள். யார்க், ஸ்கார்பரோ ஆகிய நகரங்களில் அவர் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1828ஆம் ஆண்டு முதல் ஹேக்னஸ் என்னும் ஊரில் ஒரு பண்ணையின் மேலாளராகப் பணியாற்றினார். ஸ்கார்பரோ நகரில் 1829ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வட்ட வடிவ அருங்காட்சியகம் அவருடைய கருத்தின்படி அமைந்தது. அங்கே புதைபடிவங்கள் பாறை அடுக்குகளின் வரிசைப்படியே மேலிருந்து கீழாக வைக்கப்பட்டன.

இதற்கிடையில், நிலவியல் கழகத்தில் புதிய தலைமுறை வளர்ந்திருந்தது. அவர்கள் வெளியே சென்று பாறைகளை ஆராய்ந்தபோது, ஸ்மித்தின் முறை சரியானது என்பதைத் தாங்களே உணர்ந்தார்கள். 1831ஆம் ஆண்டு, கழகம் தன் முதல் வொல்லாஸ்டன் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. அப்போது தலைவராக இருந்த ஆடம் செட்ஜ்விக், அவரை ஆங்கில நிலவியலின் தந்தை என்று போற்றினார். ஒருகாலத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளாத அதே கழகம், தன் தவற்றை இவ்வாறு சரிசெய்துகொண்டது. மறு ஆண்டு, அரசு அவருக்கு ஆண்டுக்கு 100 பவுன் ஓய்வூதியம் அளித்தது. 1835ஆம் ஆண்டு டப்ளின் டிரினிட்டி கல்லூரி அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு ஏற்ற கல்லைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் அவர் இடம்பெற்றார்.

1839ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், அறிவியல் கூட்டமொன்றுக்குச் செல்லும் வழியில் நார்தாம்டன் நகரில் ஸ்மித் காலமானார். அவருக்கு வயது 70. அவரிடம் பாறைகளைக் கற்ற ஜான் பிலிப்ஸ், பின்னாளில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியரானார். தம்மை வளர்த்தவரின் வாழ்க்கை வரலாற்றையும் அவரே எழுதி வெளியிட்டார்.

மீண்டும் பத்து ஆராங்

இப்போது நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்பலாம். பத்து ஆராங்கின் நிலக்கரி, இங்கிலாந்தின் நிலக்கரியைவிட மிக இளையது. சில கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த ஒரு தாழ்நிலத்தில் சேர்ந்த தாவரங்களிலிருந்து அது உருவானது. அது மிக ஆழத்தில் புதையவில்லை. பெரும் வெப்பத்தையும் சந்திக்கவில்லை. ஆகையால், அது அந்திரசைட்டாக மாறாமல் இடைத்தரக் கரியாகவே நின்றுவிட்டது. அந்தத் தாழ்நிலத்தின் எல்லைக்குள் மட்டுமே கரி உண்டு. அதைத் தாண்டினால் வேறு பாறைகள்தாம். ஓர் ஊருக்கு அப்பெயர் வாய்த்ததும், அடுத்த ஊருக்கு வாய்க்காததும் நிலத்தின் வரலாற்றால்தான்.

பத்து ஆராங்கின் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. சாமர்செட்டின் கடைசிச் சுரங்கங்களும் 1973ஆம் ஆண்டு மூடப்பட்டன. ஆனால், ஸ்மித் காட்டிய வழி மூடப்படவில்லை. நிலத்தடி நீரைத் தேடுபவரும், சுரங்கப்பாதை அமைப்பவரும், உயரமான கட்டடத்துக்கு அடித்தளம் இடுபவரும் முதலில் கேட்பது, அடியில் என்ன அடுக்கு இருக்கிறது என்பதையே.

ஸ்மித்திடம் பட்டமில்லை, பணமில்லை, பெரிய மனிதர்களின் நட்பும் தொடக்கத்தில் இல்லை. தொழிலாளர்கள் சொன்னதைக் கேட்கும் செவியும், கேட்டதைச் சோதித்துப் பார்க்கும் மனமும், நடக்கச் சலிக்காத கால்களும் இருந்தன. அடுத்த முறை சாலை ஓரத்தில் வெட்டப்பட்ட குன்றின் பக்கத்தில் நிறம் மாறும் கோடுகளைக் கண்டால், சற்று நின்று பாருங்கள். எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது, அவை சாய்ந்திருக்கின்றனவா, சமமாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். வில்லியம் ஸ்மித்தும் அங்கிருந்துதான் தொடங்கினார்.